அவன் எழுதினால் வரலாறு, அவள் எழுதினால் வெட்டிக்கதை

பெண்கள் கூடிப் பேசினால் அதற்கு நம் மொழியில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை: வம்பு, புரளி, ஊர்க்கதை, வெட்டிப்பேச்சு. ஆண்கள் கூடிப் பேசினால் அது திண்ணைப் பேச்சு, டீக்கடை அரசியல், இலக்கியச் சந்திப்பு. ஒரு பெண் தனக்குப் பிடித்த தொடரின் பாத்திரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் பைத்தியம். ஓர் ஆண் தனக்குப் பிடித்த நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினால் ரசிகர். அந்த நடிகர் கட்சி தொடங்கினால் அதே ஆள் தொண்டர். அதிர்ஷ்டம் இருந்தால் வேட்பாளர். ஒரே மாதிரியான ஈடுபாடு, ஒரே மாதிரியான பித்து. யாருடைய உடலில் அது குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறிவிடுகிறது.

இந்தப் பெயர் சூட்டும் அதிகாரத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, இலக்கிய விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஒன்று: ஒரு பெண் தன் அன்றாடத்தையும் தன் ரசிக மோகத்தையும் ஒரே பக்கத்தில் எழுதித் தன் தோழிகளுக்கு மட்டும் வாசிக்கக் கொடுக்கும் இணைய நாட்குறிப்பு.

2000களில் லைவ்ஜர்னல் என்ற தளத்தில் ஆங்கிலத்தில் எழுதும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இப்படி எழுதினார்கள். ஒரு நாள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் அம்மாவுக்குக் கண் அறுவை. மதியம் அலுவலகத்தில் மேலாளரோடு தகராறு. பாதி பின்னி முடித்த ஸ்வெட்டரில் கைப்பகுதி கோணிக்கொண்டது. இரவு பார்த்த தொடரின் அத்தியாயத்தில் திரைக்கதை எழுதியவர் தன் அருமை நாயகிக்குச் செய்த துரோகம் பற்றி மூன்று பத்தி. கடைசியில், அந்தத் துரோகத்தைச் சரிசெய்து தானே எழுதிய கதையின் அடுத்த பகுதி. கீழே இருபது முப்பது பெண்களின் பதில்கள். ஒருத்தி அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்பாள். ஒருத்தி ஸ்வெட்டரை எங்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லுவாள். ஒருத்தி கதையில் ஒரு வாக்கியம் சறுக்குகிறது என்பாள். இன்னொருத்தி, "அந்த மேலாளரின் மின்னஞ்சல்களை எல்லாம் சேமித்து வை, பின்னால் உதவும்" என்பாள்.

இதில் எது இலக்கியம், எது வெட்டிக்கதை? பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அன்றாடம் யாருடையது?

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேயின் துபாஷி அவர். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார், வீட்டில் என்ன விசேஷம், ஊரில் என்ன வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. நாம் அதை மூல ஆவணம் என்கிறோம், அது சரியும்கூட. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதியபோது சுவடிகளை மட்டுமா எழுதினார்? சாப்பாடு, வழிப்பயணம், தங்கிய வீடு, வறுமை, ஆசிரியரின் முகக்குறிப்பு என்று எல்லாவற்றையும் எழுதினார். அதைப் பண்பாட்டு வரலாறு என்று நான் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

என் கேள்வி வேறு. அதே சாப்பாட்டை, அதே வதந்தியை, அதே முகக்குறிப்பை ஒரு பெண் எழுதினால் மட்டும் அது ஏன் 'சொந்தக் கதை, சோகக் கதை' ஆகிறது? ஆணின் அன்றாடத்துக்குள் காலம் தெரிகிறது. பெண்ணின் அன்றாடத்துக்குள் அடுப்பங்கரை மட்டும்தான் தெரிகிறது என்று முடிவு கட்டியவர் யார்? அடுப்பங்கரையில் காலம் ஓடுவதில்லையா? வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி சமையற்கட்டில் ஒளித்து ஒளித்து எழுத்தறிந்துகொண்டு, பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். 'ஆமார் ஜீபன்' என்ற அந்த நூல் 1876இல் வெளிவந்தது. வங்கமொழியின் முதல் தன்வரலாறுகளில் ஒன்றை எழுதியவர் ஒரு சமையற்கட்டுப் பெண். எழுத்து அவருக்கு யாரும் தூக்கிக் கொடுத்த வரம் அல்ல, களவாடிய சொத்து.

மோகம் யாருடையது?

தமிழ்நாட்டில் ரசிகர் மன்றத்தைக் கேலி செய்து யாரும் பிழைக்க முடியாது. 1972இல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியபோது அவருடைய மன்றங்கள் அதன் கிளைகளைப் போல நின்றன; 1977இல் அவர் முதலமைச்சர். அந்தப் பிம்பம் எப்படி வேலை செய்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல் 1992இல் வெளிவந்தது. தமிழில் 'பிம்பச் சிறை'. அதே 1992இல் அமெரிக்காவில் ரசிகர்களைப் பற்றி இரண்டு முக்கியமான நூல்கள் வந்தன. ஒன்று ஹென்றி ஜென்கின்ஸ் எழுதியது, மற்றொன்று கமில் பேக்கன்-ஸ்மித் எழுதியது. அங்கே ஆய்வாளர்கள் கண்ட ரசிகக் கூட்டத்தில் பெரும்பான்மை பெண்கள். அவர்கள் கட்அவுட் வைக்கவில்லை, கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எம்.ஜி.ஆருக்குப் பெண் ரசிகைகள் இல்லையா? இருந்தார்கள், லட்சக்கணக்கில். அவருடைய வாக்குவங்கியின் முதுகெலும்பே அவர்கள்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மன்றத்தின் பெஞ்சு ஆண்களுக்கு. பெண்ணின் ரசனை வாக்காக மாறும்போது எண்ணப்படுகிறது. எழுத்தாக மாறும்போது இகழப்படுகிறது.

இன்றைக்கு வாருங்கள். 2023 பொங்கல் படத்தின் முதல் காட்சிக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஓடும் லாரியின் மேலிருந்து குதித்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். வயது பத்தொன்பது. நாம் வருந்தினோம்; அடுத்த படத்துக்கு அதிகாலைக் காட்சி உண்டா என்ற விவாதத்துக்குப் போனோம். 2024 ஜனவரியில் கொரிய இசைக்குழுவான பி.டி.எஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பள்ளிச் சிறுமிகள் வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியிலேயே மீட்கப்பட்டார்கள். அன்றிலிருந்து என் வகுப்பில் கைப்பேசி உறையில் அந்த ஏழு பேர் படம் வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் விசாரணை. சிறுமிகளின் பாதுகாப்பு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பையனின் சாவுக்குக் கூட்ட நெரிசல் காரணம், காவல்துறை காரணம், தியேட்டர் காரணம். பெண் குழந்தையின் பயணத்துக்கு மட்டும் அவளுடைய ரசனை காரணம். பையன்களின் மோகத்துக்கு யாரும் மனநல ஆலோசனை பரிந்துரைத்து நான் பார்க்கவில்லை.

மறு எழுத்து யாருடையது?

"சரி, ரசிக்கட்டும். அடுத்தவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது படைப்பாகுமா? அது திருட்டு அல்லவா?" இது அடுத்த அம்பு. தமிழ்த்துறையில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியது 1950 முதல் 1954 வரை. கல்கி விட்ட இடத்திலிருந்து எடுத்து, அதே பாத்திரங்களைத் தொடர்ந்து நடத்திச் சென்று விக்கிரமன் எழுதியது 'நந்திபுரத்து நாயகி'. அதை வரலாற்று நாவல் என்று அடுக்கில் வைக்கிறோம். ஒரு பெண் வந்தியத்தேவனையும் குந்தவையையும் எடுத்துத் தன் நாட்குறிப்பில் இரண்டு அத்தியாயம் எழுதினால் அது ஃபேன் ஃபிக்‌ஷன். சொல்லும்போதே உதட்டில் ஓர் இளக்காரம். புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். அகலிகையை எடுத்தார், சீதையிடம் அவளைப் பேசவைத்தார். அம்பை 'அடவி' எழுதினார். சீதையின் கையில் எழுதும் உரிமையைக் கொடுத்தார். தெலுங்கில் வோல்கா 'விமுக்த' எழுதினார். சீதையைச் சூர்ப்பனகையோடும் அகலிகையோடும் சந்திக்கவைத்தார். இரண்டு பெண்களைச் சந்திக்கவிடாத ஒரு கதையில் அவர்களைச் சந்திக்கவைப்பது, சாகவிட்டவளைச் சாகவிடாமல் வைப்பது, ஊமையாக நின்றவளுக்கு வாய் கொடுப்பது. இந்த மூன்றும்தான் ரசிகப் புனைவின் அடிப்படை வேலைகள். இதிகாசத்தில் செய்தால் மறுவாசிப்பு. தொலைக்காட்சித் தொடரில் செய்தால் பொழுதுபோக்கா?

இன்னும் பின்னால் போனால் சங்கம் இருக்கிறது. அகத்திணைப் பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. எல்லாக் கவிஞர்களுக்கும் அதே தலைவன், அதே தலைவி, அதே தோழி, அதே செவிலி, அதே ஐந்து நிலங்கள். பாத்திரம் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. ஒரே பிரிவை நூறு பேர் நூறு விதமாக எழுதினார்கள். கேட்டவர்கள் அந்த நுணுக்க வேறுபாட்டில்தான் சுவை கண்டார்கள். பொதுவான பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே மாற்றி மாற்றி எழுதுவதை இழிவு என்று சொல்கிறவர் முதலில் குறுந்தொகையை அலமாரியிலிருந்து இறக்கட்டும். அந்தத் தொகைகளில் தோழி பேசும் பாடல்கள் எத்தனை என்றும் எண்ணிப் பார்க்கட்டும். தலைவி வாய்திறந்து சொல்வதற்கு ஒருத்தி எதிரில் இருந்தாக வேண்டும் என்று நம் கவிதையியலுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களுக்குத்தான் மறந்துபோனது.

அவர்கள் கட்டியது

இந்த வரலாற்றை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானது. அறிவியல் புனைகதை அன்று ஆண்களின் கோட்டை. ஆனால் 1967இலேயே அந்தத் தொடருக்காக 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிக இதழைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். தொடரை நிறுத்திவிடாதே என்று தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதங்களைக் குவித்த இயக்கத்தில் முன்னால் நின்றவர் பிஜோ டிரிம்பிள் என்ற பெண். ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, பக்கம் அடுக்கி, தபாலில் அனுப்பி இதழ் நடத்தினார்கள். அந்த இதழ்களில் அவர்கள் எழுதியவற்றுள் ஒரு பெரும்பகுதி காதல் கதைகள். அதிலும் ஒரு சாரார், தொடரின் இரண்டு ஆண் பாத்திரங்களுக்கிடையே காதல் எழுதினார்கள். ஏன் என்று எல்லோரும் முகம் சுளித்தபோது, பெண்ணிய அறிவியல் புனைகதையாளர் ஜோன்னா ரஸ் 1985இல் அதை முகம் சுளிக்காமல் வாசித்து எழுதினார். நான் அந்தக் கதைகளை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒருவர் பணிய, மற்றவர் ஆள என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்படாத ஒரு காதலைப் பெண்கள் கற்பனை செய்து பார்க்க விரும்பினார்கள். கிடைத்த கதைகளில் பெண் பாத்திரத்துக்கு அந்த இடமே இல்லை. இருந்த இடத்தில் தங்கள் ஆசையை வைத்தார்கள். இதே ரஸ்தான் 1983இல், பெண்ணெழுத்தை எப்படியெல்லாம் இல்லாமல் ஆக்குகிறார்கள் என்று ஒரு முழு நூல் எழுதியவர். அவள் எழுதவில்லை, எழுதினாலும் எழுதத்தகாததை எழுதினாள், எழுதியது இலக்கியமே அல்ல, ஒன்றே ஒன்றுதான் எழுதினாள். இந்தச் சாக்குகளை அவர் வரிசையாக அடுக்கிக் காட்டினார். நம்மூர்ச் சாக்குகளும் அவையேதான்.

தபாலிலிருந்து அவர்கள் இணையத்துக்கு வந்தார்கள். லைவ்ஜர்னல் 1999இல் தொடங்கியது. அதில் ஒரு வசதி முக்கியமானது: ஒவ்வொரு பதிவையும் யார் வாசிக்கலாம் என்று எழுதுகிறவளே முடிவு செய்யலாம். கதையை உலகத்துக்குத் திறந்துவிடலாம். மேலாளரைப் பற்றி எழுதியதைத் தோழிகளுக்கு மட்டும். கருச்சிதைவைப் பற்றி எழுதியதை ஐந்து பேருக்கு மட்டும். இந்தப் பூட்டு சாதாரணமானது அல்ல. தெருவுக்கும் படுக்கையறைக்கும் நடுவே பெண்ணுக்கென்று ஒரு திண்ணை இருந்ததில்லை. இந்தப் பூட்டு அதைக் கட்டிக்கொடுத்தது.

அந்தத் திண்ணையில் முறைகள் உருவாயின. அடுத்த அத்தியாயத்தைப் பார்க்காதவர்களுக்கு ரகசியம் உடைந்துவிடக்கூடாது என்று பதிவை மடித்து மறைப்பது ஒரு மரியாதை. கதையை வெளியிடும் முன் இன்னொருத்தி படித்துத் திருத்துவது இன்னொரு மரியாதை. அவளைப் 'பீட்டா' என்பார்கள். பணம் கிடையாது, பெயர் கீழே நன்றியாக வரும். 2003 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'யூல்டைட்' என்று ஒரு கொடைப் பரிமாற்றம் நடக்கிறது. யாரோ ஒருத்தி விரும்பிக் கேட்ட கதையை, அவள் அறியாத இன்னொருத்தி எழுதிப் பரிசளிப்பாள். பதிப்பாசிரியர், பிழைதிருத்துநர், விமர்சகர், வாசகர் என்று ஓர் இலக்கிய நிறுவனம் செய்யும் எல்லா வேலையையும் இவர்கள் செய்துகொண்டார்கள், சமையல் குறிப்பையும் காய்ச்சல் மருந்தையும் பகிர்ந்துகொண்ட அதே பக்கத்தில். அன்றாடத்தையும் மோகத்தையும் பிரிக்காமல் வைத்ததில்தான் அதன் பலம் இருந்தது. ஒருத்தியின் கதையைத் திருத்த வந்தவள் அவளுடைய விவாகரத்துக்கும் துணை நின்றாள்.

அவர்களிடமிருந்து பிடுங்கியது

கூட்டம் சேர்ந்த இடத்துக்கு வியாபாரி வருவான். 2007இல் ஃபேன்லிப் என்ற நிறுவனம் முதலீட்டுப் பணத்தோடு வந்தது. பெண்கள் இலவசமாக எழுதிப் பரிமாறிக்கொண்டதை விளம்பரத்துக்கு விற்கத் திட்டம்; தலைமையில் ஆண்கள். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு அடி. லைவ்ஜர்னலை அப்போது வாங்கி நடத்திய நிறுவனம், வெளியார் குழு ஒன்றின் புகாருக்கு அஞ்சி ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரேயடியாக முடக்கியது. முடக்கிய கணக்கின் பெயர்மேல் ஒரு குறுக்குக்கோடு விழும். குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லித்தான் செய்தார்கள். கோடு விழுந்த பெயர்களில் பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுக்களும் இருந்தன. ஒரு நாவலைக் கலந்துரையாடிய ஸ்பானிய வாசகர் குழுவும் இருந்தது. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டுப் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் பெண்கள் பாடம் படித்துவிட்டார்கள். வாடகை வீட்டுத் திண்ணை வீட்டுக்காரனுடையது.

அந்த மே மாதத்திலேயே எழுத்தாளர் நவோமி நோவிக், நமக்கென்று சொந்தமாக ஒரு காப்பகம் வேண்டும் என்று தன் நாட்குறிப்பில் அழைப்பு விடுத்தார். வர்ஜீனியா வுல்ஃப் கேட்ட சொந்த அறையை நினைவூட்டும் தலைப்பில் எழுதினார். லாப நோக்கில்லாத அமைப்பு அந்த ஆண்டே உருவானது. நிரல் எழுதத் தெரியாத பெண்கள் அதற்காகவே கற்றுக்கொண்டார்கள். 2009 நவம்பரில் காப்பகம் திறந்தது: விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது, சர்வர் அவர்களுடையது. லைவ்ஜர்னலில் வேலை பார்த்த இருவர் அதே 2009இல் 'ட்ரீம்விட்த்' என்ற விளம்பரமில்லாத நாட்குறிப்புத் தளத்தைத் திறந்தார்கள். 2019இல் அந்தக் காப்பகத்துக்கு அறிவியல் புனைகதை உலகின் உயர்ந்த விருதான ஹ்யூகோ கிடைத்தது. ஃபேன்லிப் 2008இலேயே மூடிவிட்டது. லைவ்ஜர்னல் ரஷ்ய நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 2017இல் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்ட புதிய ஒப்பந்தத்தை நீட்டியபோது, எஞ்சியிருந்தவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். போவதற்கு அவர்களுக்குச் சொந்த இடம் இருந்தது.

நமக்கு இருக்கிறதா? யாஹூ குழுமங்களின் பழைய உரையாடல்களை 2019 இறுதியில் அந்த நிறுவனம் அழிக்கத் தொடங்கியது. தமிழில் இயங்கிய குழுமங்களும் அதில் உண்டு. இணையத் தமிழின் முதல் தலைமுறைப் பேச்சில் எவ்வளவு போயிற்று என்று கணக்கெடுக்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. இன்று செயலிகளில் தொடர்கதை எழுதிக் குவிக்கும் தமிழ்ப் பெண்களின் எழுத்தும் இன்னொருவரின் சர்வரில்தான் கிடக்கிறது.

பெண்ணியவாதிகளின் முணுமுணுப்பு

ஆண்களின் இளக்காரத்துக்குப் பதில் சொல்வது எளிது. நம் தோழியர் சிலரின் முணுமுணுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான் முக்கியம்.

"இந்தக் கதைகளில் பெரும்பாலானவை காதல் கதைகள். அடக்குகிற நாயகன், அடங்குகிற நாயகி. இதையா ஆதரிக்கிறாய்?" ஆம், அப்படிப்பட்ட கதைகள் ஏராளம். ரமணிசந்திரன் நாவல்களை வார இதழிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்த நம் அம்மாக்களின் தலையணைக்கடியிலும் அவை இருந்தன. அவற்றைக் கடுமையாக விமர்சியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் விமர்சிப்பதற்கு முதலில் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் ஒதுக்குவதற்குப் பெயர் விமர்சனம் அல்ல, தீட்டு. அதோடு, தோழிகள் கூடி வாசிக்கும் இடத்தில்தான் ஒருத்தி, "இந்த நாயகன் அவளை அறைந்ததை நீ ஏன் காதல் என்று எழுதினாய்?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை எந்த இலக்கியப் பத்திரிகையும் அவளிடம் கேட்கப்போவதில்லை.

"இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு." இதில் உண்மை இருக்கிறது. கணினி, ஆங்கிலம், தனியறை இருந்தவர்கள்தான் முதலில் வந்தார்கள், பெரும்பாலும் வெள்ளையர். 2009இல் அந்த நாட்குறிப்புகளிலேயே நிறவெறி பற்றிப் பெரும் விவாதம் வெடித்தது. கறுப்பினப் பெண்களும் ஆசியப் பெண்களும், "உங்கள் தோழமையில் எங்களுக்கு இடம் எது?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் காயப்பட்டார்கள், பலர் விலகினார்கள். காப்பகத்தைப் பற்றியும் இதே குற்றச்சாட்டு இன்றுவரை எழுகிறது. நாம் இங்கே இப்படி ஒன்றைக் கட்டினால் முதல் நாளிலேயே சாதி வந்து திண்ணையில் உட்காரும். யார் வீட்டு அன்றாடம் அழகாகத் தெரிகிறது, யாருடைய சமையல் குறிப்புக்கு மௌனம் பதிலாகிறது என்று நாம் பார்க்க வேண்டும். இந்தக் குறையைக் காட்டித் திண்ணையையே வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எல்லாரும் உட்காரும்படி அதை அகலமாகக் கட்டச் சொல்கிறேன்.

"சம்பளமில்லாத உழைப்பைப் புகழ்கிறாயே?" இது கூர்மையான கேள்வி. பெண்களின் இலவச உழைப்பில் உலகம் நடக்கிறது. இன்னொன்றையும் இலவசமாகச் செய்யச் சொல்வதா? வேறுபாடு இதுதான்: வீட்டில் அவள் செய்யும் இலவச வேலையின் பலன் அடுத்தவருக்கு, அதை மறுக்கும் உரிமையும் அவளுக்கு இல்லை. இங்கே எழுதுகிறவளும் வாசிக்கிறவளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள், வேண்டாமென்றால் மூடிவைக்கலாம். நடுவில் ஒரு நிறுவனம் புகுந்து அதை விற்கிறபோதுதான் அது சுரண்டல்.

திருடிய நேரம்

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண் ஒருநாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமில்லாத வீட்டுவேலைக்குக் கொடுக்கிறாள். அதே வேலையில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 97 நிமிடங்கள். அந்த வேலையில் ஈடுபடுவதே பெண்களில் 81 விழுக்காடு, ஆண்களில் 26 விழுக்காடு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பெண்ணின் பொழுதுபோக்கைப் பாருங்கள். அவள் கைப்பேசியில் கதை படிக்கும் அரைமணி நேரம் குக்கர் விசிலுக்கும் குழந்தையின் டியூஷனுக்கும் நடுவே திருடியது. ஆணின் ஓய்வு அவன் உரிமை. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதம் டிவி ரிமோட் யார் கையில் என்று எல்லார் வீட்டிலும் தெரியும். பெண்ணின் ஓய்வு மட்டும் களவு. "எப்பப் பாரு போன்" என்ற ஒரு வாக்கியத்தில் அந்தக் களவு ஒவ்வொரு நாளும் பிடிபடுகிறது.

என் மாணவி ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வுக்கு, இணையத்தில் தமிழ்ப் பெண்கள் எழுதும் ரசிகப் புனைவுகளை எடுத்தாள். குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர், "ஏம்மா, வேற நல்ல தலைப்பே கிடைக்கலையா? இதுல இலக்கியம் எங்கம்மா இருக்கு?" என்றார். அதே அமர்வில் ஒரு நடிகரின் பஞ்ச் வசனங்கள் குறித்த தலைப்பு கைதட்டலோடு ஏற்கப்பட்டது. அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம்.

அந்தப் பேராசிரியருக்கு ஒரு தகவல். வை.மு.கோதைநாயகி 115 நாவல்கள் எழுதியவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். முறையான பள்ளிக் கல்வி இல்லாத அவர், தன் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை வாயால் சொல்ல, கையால் எழுதியவர் அவருடைய தோழி பட்டம்மாள். வேலைகளுக்கு நடுவே ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதிய அந்தப் பொழுதுகளை அன்றும் யாராவது வெட்டிக்கதை என்றுதான் சொல்லியிருப்பார்கள். தமிழ்ப் பெண்ணெழுத்தின் வரலாற்றில் பட்டம்மாளுக்கு ஒரு வரி கிடைத்தது. தோழியாக இருந்து எழுதிக்கொடுத்த, திருத்திக்கொடுத்த, படித்து அழுத மற்ற பெண்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

ஆகவே, மாணவிகளே, எழுதுங்கள். காலையில் செய்த உப்புமாவையும் இரவு பார்த்த தொடரையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் நாயகியைக் கொன்றவரின் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக் காப்பாற்றுங்கள். எதை யாருக்குக் காட்டுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பூட்டுப் போட வெட்கப்படாதீர்கள். தோழி எழுதியதைத் திருத்திக் கொடுங்கள், அவள் பெயரை உங்கள் கதையின் கீழே போடுங்கள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையில் ஒரு நகல் இருக்கட்டும். உங்களில் கணினி படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். தமிழ் படிக்கிறவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். அமெரிக்கப் பெண்கள் நிரல் கற்றுக்கொண்டு கட்டியதை நம் மொழியில், நம் பெண்களுக்கு, நம் சொந்த சர்வரில் கட்டுங்கள். ஆய்வுக்குழு தலைப்பை நிராகரித்தால் அடுத்த ஆண்டும் அதே தலைப்போடு போங்கள். ஒருத்தியாகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள்.